டாக்டர் பால் பிராண்ட்

கொல்லிமலையில் ஊழியம் புரிந்த ஆங்கிலத் தம்பதியருக்கு 1914-ஆம் ஆண்டில் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் வைத்தியம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். காஞ்சிபுரமும் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததே. அச்செங்கற்பட்டின் தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-இல் டாக்டர் காக்ரேன் அழைக்கச் சென்றவர், விரல்கள் முடங்கிய நோயாளியொருவரின் கையைப் பற்றி, இறுக்கும்படி சொன்னார். முடங்கிய அக்கை அவர் கை நோகுமாறு இறுக்கியது!

முழங்கையருகே செல்லும் நரம்பொன்று கெட்டமையால் உள்ளங்கைத் தசைகள் செயலிழந்தனவேயன்றி, வேறு நரம்பினால் இயங்கும் முன்கைத் தசைகள் வலிகுன்றவில்லை. அவ்வலியைக் கடன் வாங்கினார் பிராண்ட். விரலை மடக்கும் இரு தசைநாண்களில் ஒன்றைப் பிரித்தெடுத்து, கிளைகளாக்கி, செயலற்ற தசைகளின் பணிக்கு அமர்த்தினார்.

காஞ்சித் தறியில் பாவு தீர்ந்தால், பழைய இழை நுனியோடு புதிய இழையை முறுக்கிச் சேர்ப்பர். தறி மீண்டும் ஓடும். கையோ அவ்வளவில் ஓடாது. மடக்குமாறு மூளை விடுக்கும் மின்துடிப்பு இப்பொழுது விரற்கணுக்களை நீட்டிவிடும். பல வாரப் பயிற்சியினாலேயே மூளை அத்தசையின் புதுத்தொழிலைக் கற்கின்றது. நரம்பணுக்களின் இணைப்புகள் பழக்கத்தால் வலுக்கவும் தளரவும் கூடுமென்பர் இக்கால விஞ்ஞானிகள்.

ஆயினும் தொடுவுணர்ச்சி திரும்பவில்லை. விரல்கள் குறைவது சதை அழுகுவதனாலன்று, வலி தெரியாமல் நேரும் காயங்களாலும் தீப்புண்களாலுமே என்று கண்டறிந்த பிராண்ட், கையைக் கண்ணாற் காக்கக் கற்பித்தார். வேலூரில் நவஜீவ நிலையத்தை நிறுவி, திருந்திய கைகளுக்குத் தச்சுத்தொழில் பயிற்றுவித்தார். 1966-இல் அமெரிக்கா சென்று பணியைத் தொடர்ந்தவர், 2003-இல் காலமானார்.