தூண்டில் உலகின் சட்டாம்பிள்ளை

மீன் பிடிக்கப் புழு வேண்டும். இது சின்னப் பையனுக்கும் தெரியும்.

ஆனால் புழு இல்லாமலே மீனைப் பிடிக்கலாம். ஒரு சேவல் இறகு, கொஞ்சம் பட்டு நூல், ஒரு தூண்டில் முள். இந்த மூன்றையும் வைத்து ஓர் ஈயைச் செய்துவிடலாம். அது பொய் ஈ. அதை உண்மை என்று நம்பி மீன் வாயைத் திறக்கும். அவ்வளவுதான், மாட்டிக்கொள்ளும்!

இப்படி மீன் பிடிப்பதில் பெரும் புகழ் பெற்றவர் பிரெடரிக் ஹால்போர்டு. இங்கிலாந்துக்காரர். பொய் ஈயைச் செய்வது எப்படி, வீசுவது எப்படி, எந்த ஈயை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்று சட்டம் வகுத்தவர் அவர். தூண்டில்காரர்கள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள்.

அவருடைய கதை, ஒரு சிறிய பெட்டியின் கதையும் ஆகும்.

துணி வியாபாரி

ஹால்போர்டு 1844-ம் ஆண்டு பர்மிங்காம் நகரில் பிறந்தார். ஜெர்மனியில் இருந்து வந்து குடியேறிய யூதர்களின் வழிவந்த குடும்பம். தைத்த ஆடைகளை விற்பது குலத்தொழில். வீட்டில் பணத்துக்குக் குறைவு இல்லை.

அப்போது அவருடைய குடும்பப் பெயர் ஹையம். 1875-ல்தான் அது ஹால்போர்டு என்று மாறியது.

சிறு வயதிலேயே அவர் லண்டனுக்கு வந்துவிட்டார். படிப்பு முடிந்ததும் வியாபாரத்தில் இறங்கினார். ஆனால் மனம் கணக்குப் புத்தகத்தில் நிற்கவில்லை. ஆற்றங்கரையைச் சுற்றியே வந்தது.

1868-ல், லண்டனுக்குப் பக்கத்தில் ஓடும் வாண்டில் ஆற்றில், அவர் ஒரு புதிய முறையைப் பார்த்தார். அங்கே சிலர் பொய் ஈயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தவில்லை. அதை நனையாமல் வைத்து, தண்ணீரின்மேல் மிதக்க விட்டார்கள். உண்மை ஈ எப்படி வந்து உட்காருமோ, அப்படியே இதுவும் உட்கார்ந்தது!

அன்று முதல் ஹால்போர்டு இந்த மிதக்கும் ஈக்கு அடிமை ஆனார்.

கண்ணாடி போன்ற ஆறு

லண்டனுக்குத் தென்மேற்கே ஹாம்ப்ஷயர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே டெஸ்ட், இட்சன் என்று இரண்டு ஆறுகள். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீர். அதனால் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும்.

அந்த ஆறுகளில் வாழ்வது டிரவுட் மீன். நம் நீலகிரியில் அவலாஞ்சி ஓடைகளிலும் டிரவுட் உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது.

தெளிந்த தண்ணீரில் மீனுக்கு எல்லாம் தெரியும். பொய் ஈயின் நிறம் சற்று மாறினாலும், வடிவம் சற்றுக் கோணினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். ஆகவே ஈ சரியாக இருக்க வேண்டும். கடையில் இருந்து கரைக்கு வரும் வரை அது கெடாமலும் இருக்க வேண்டும்.

நசுங்கிய ஈ

இங்கேதான் பெட்டியின் கதை தொடங்குகிறது.

அதற்கு முன்பு தூண்டில்காரர்கள் பொய் ஈக்களைப் பெட்டியில் வைத்தது குறைவு. பணப்பை போன்ற ஒரு தோல் பையில் வைத்தார்கள். அதைப் புத்தகம் போலத் திறக்கலாம். உள்ளே கம்பளித் துணியால் பக்கங்கள் இருக்கும். பக்கங்களுக்கு நடுவே ஈக்களைச் செருகி மூடுவார்கள்.

அப்போது ஈ கட்டும் தூண்டில் முள்ளுக்குப் பெரும்பாலும் காது கிடையாது. அதனால் ஒவ்வொரு ஈயோடும் ஒரு நீண்ட நரம்பைச் சேர்த்தே கட்டியிருப்பார்கள். அந்த நரம்பைச் சுருட்டி வைக்கப் பைதான் வசதி.

தண்ணீருக்குள் அமிழும் ஈக்கு அது போதும். அது நசுங்கினாலும் குற்றம் இல்லை. மிதக்கும் ஈயின் கதை வேறு. அதன் கழுத்தைச் சுற்றி இறகு மயிர்கள் குடை போல விரிந்து நிற்கும். அந்த மயிர்களின் நுனியில்தான் அது தண்ணீரின்மேல் நிற்கிறது. பையில் வைத்து மூடினால் குடை மடங்கிவிடும். பிறகு என்ன செய்தாலும் ஈ சரியாக நிற்காது. ஒரு பக்கம் சாய்ந்து மூழ்கும்.

கணக்கு வாத்தியார் செய்த உதவி

இந்தச் சிக்கலுக்கு வழி பிறக்க உதவியவர் ஒரு கணக்கு வாத்தியார்!

நம் நாட்டில் பழைய தலைமுறையினர் ஹால் - நைட் அல்ஜீப்ரா புத்தகத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். அந்த ஹால்தான் இவர். கிளிப்டன் கல்லூரி ஆசிரியர். 1879-ல் ஹாலும் அவருடைய நண்பர் பாங்கார்ட்டும் ஈ கட்டுவதற்கு ஏற்ற, சிறிய, காது உள்ள தூண்டில் முள்ளை உருவாக்கினார்கள்.

ஊசிக்குக் காது இருப்பது போல முள்ளுக்கும் காது. நரம்பை ஈயோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரைக்குப் போன பிறகு காதில் கோத்து முடிச்சுப் போட்டால் போதும்.

நரம்பு போயிற்று. பையும் வேண்டியதில்லை. ஈயைத் தனியாக ஒரு பெட்டியில் நசுங்காமல் வைக்க முடிந்தது.

கடையில் கிடைத்த நண்பர்

அதே 1879-ம் ஆண்டில், வின்செஸ்டர் ஊரில் ஒரு தூண்டில் கடையில், ஹால்போர்டு ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் ஜார்ஜ் செல்வின் மாரியட். தூண்டில் வீசுவதில் மன்னர்.

இரண்டு பேரும் நகமும் சதையும் போல ஆனார்கள். டெஸ்ட் ஆற்றங்கரையில் ஹால்போர்டு அறை எடுத்துத் தங்கினார். வலையால் ஈக்களைப் பிடித்தார்கள். பிடித்த மீனின் வயிற்றை அறுத்து, அது என்ன தின்றிருக்கிறது என்று பார்த்தார்கள். அந்தப் பூச்சியைப் போலவே இறகால் செய்தார்கள். சரியாக வராவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி கட்டினார்கள்.

ஏழு ஆண்டுகள் உழைத்த பிறகு, 1886-ல், ஹால்போர்டின் முதல் புத்தகம் வெளிவந்தது. மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறையைச் சொல்லும் புத்தகம். 90 ஈக்களின் படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள்.

புத்தகத்தில் தம் பெயரோடு மாரியட் பெயரையும் போட ஹால்போர்டு விரும்பினார். மாரியட் மறுத்துவிட்டார். புகழை நண்பருக்கே விட்டுக்கொடுத்தார்.

1889-ல் இரண்டாவது புத்தகம் வந்தது. அதே ஆண்டில் ஹால்போர்டு வியாபாரத்தை விட்டார். வயது 45. இனி வாழ்நாள் முழுவதும் ஆறும் ஈயும்தான் என்று முடிவு செய்தார்.

கடல் கடந்த ஈக்கள்

புகழ் அமெரிக்காவுக்கும் போயிற்று. அங்கே நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில் தியோடர் கார்டன் என்ற தூண்டில்காரர் இருந்தார். அவர் ஹால்போர்டுக்குக் கடிதம் எழுதினார். 1890-ல் ஹால்போர்டு தம்முடைய ஈக்களைத் தபாலில் அனுப்பி வைத்தார்.

கார்டன் அவற்றை அப்படியே காப்பி அடிக்கவில்லை. இங்கிலாந்து ஆறு அமைதியானது. அமெரிக்க மலை ஆறு வேகமானது. பூச்சிகளும் வேறு. ஆகவே தம் ஊர்ப் பூச்சிக்கும் தண்ணீருக்கும் ஏற்றபடி புதிய ஈக்களைக் கட்டினார். அவர் பெயரைத் தாங்கிய ஈ இன்றும் அமெரிக்கத் தூண்டில்காரர்களின் பெட்டியில் இருக்கிறது.

100 போய் 33

1896-ல் மாரியட் இறந்தார். ஹால்போர்டுக்கு வலது கை ஒடிந்தது போல ஆயிற்று. ஆனாலும் அவர் வேலையை விடவில்லை. 1897-ல் பூச்சிகளைப் பற்றி இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் சிறந்த ஈக்கள் என்று 100 வகைகளைச் சொன்னார்.

நூறு வகை! ஒவ்வொன்றிலும் நாலைந்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பெட்டிமேல் பெட்டி அடுக்க வேண்டும். மீன் மேலே வந்து வாயைத் திறக்கும் நேரத்தில், எந்தப் பெட்டியில் எந்த ஈ என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். மீன் காத்திருக்குமா?

ஹால்போர்டு யோசித்தார். ஒவ்வொரு ஈயையும் எடுத்து, இது எந்தப் பூச்சியின் நகல் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பதில் இல்லாத ஈக்களை, அழகாக இருந்தாலும், தள்ளிவிட்டார். ஒரே பூச்சியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் வேறாக இருந்தால், இரண்டுக்கும் தனித்தனி ஈ வைத்தார். நிறம் தவறாமல் இருக்க வண்ண அட்டவணையும் தயாரித்தார்.

1910-ல் புதிய புத்தகம் வந்தது. நூறு வகை, 33 வகையாகக் குறைந்திருந்தது!

தாம் எழுதியதைத் தாமே திருத்திக்கொள்வது எளிதல்ல. 66 வயதில் ஹால்போர்டு அதைச் செய்தார்.

நல்ல பெட்டி எது?

இன்று பொய் ஈ வைக்கும் பெட்டிகள் பல விதமாகக் கிடைக்கின்றன. அலுமினியத்தில் சின்னச் சின்ன அறைகளும், ஒவ்வோர் அறைக்கும் தனி மூடியும் வைத்த பெட்டி உண்டு. இங்கிலாந்தின் வீட்லி நிறுவனம் இதில் பெயர் பெற்றது. மூடியை விரலால் தட்டினால் திறந்துகொள்ளும். ஓர் அறையைத் திறந்தால் மற்ற அறைகளில் உள்ள ஈக்கள் காற்றில் பறக்காது. பஞ்சு போன்ற மெத்தையில் முள்ளைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியும் உண்டு.

எதை வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை சில.

மிதக்கும் ஈக்குப் பெட்டி ஆழமாக இருக்க வேண்டும். மூடி இறகைத் தொடக் கூடாது. தண்ணீருக்குள் போகும் ஈக்கு ஆழம் குறைந்த பெட்டியே போதும்.

நனைந்த ஈயை அப்படியே உள்ளே வைத்து மூடக் கூடாது. முள் துருப்பிடிக்கும். ஒன்றின் துரு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து உலர வைக்க வேண்டும்.

நாள்பட வைத்திருந்தால் பூச்சி அரிக்கும். பட்டுப் புடவையை அந்துப்பூச்சியிடம் இருந்து காப்பது போல இறகையும் காக்க வேண்டும்.

பெட்டி சட்டைப் பையில் அடங்க வேண்டும். ஒரே கையால் திறக்க முடிய வேண்டும். மற்றொரு கையில் தூண்டில் கோல் இருக்குமே!

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஈயும் எதற்கு என்று உரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூறை 33 ஆக்கிய ஹால்போர்டு காட்டிய வழி இதுதான்.

பெட்டியில் இல்லாத ஈ

அப்படிப்பட்ட ஹால்போர்டும் ஒரு விஷயத்தில் சட்டாம்பிள்ளையாகவே இருந்தார். தெளிந்த ஆறுகளில் மிதக்கும் ஈதான் சரியான முறை என்று அவர் உறுதியாக நம்பினார். சீடர்கள் குருவையும் மிஞ்சினார்கள். சில ஆறுகளில் வேறு ஈயைப் போடவே கூடாது என்று விதி வைத்தார்கள்.

ஆனால் அந்தப் பூச்சி சிறகு விரித்துப் பறப்பது கொஞ்ச நேரம்தான். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி தண்ணீருக்குள் புழுப் பருவத்தில் கழிகிறது. மீன் அதிகமாகத் தின்பதும் அங்கேதான். இதை லண்டன் வக்கீல் ஸ்கியூஸ் கவனித்தார். ஹால்போர்டு 33 ஈக்களை வெளியிட்ட அதே 1910-ல், தண்ணீருக்குள் போகும் ஈயை ஆதரித்து ஸ்கியூஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

1914 மார்ச் மாதத்தில், துனீசியாவுக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது, ஹால்போர்டு நோய்வாய்ப்பட்டுக் காலமானார். வயது 69.

வழக்கு அவரோடு முடியவில்லை. 1938-ல் லண்டன் தூண்டில்காரர்களின் சங்கத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. ஏறக்குறைய 80 வயதான ஸ்கியூஸ் எழுந்து நின்று வாதாடினார். அன்று அவர் பக்கம் நின்றவர்கள் சிலரே. காலம் அவர் பக்கம் நின்றது. இன்று தூண்டில்காரர்களின் பெட்டியில் இரண்டு வகை ஈக்களும் இருக்கின்றன.

தேவையில்லாததைத் தள்ளும் துணிவு ஹால்போர்டுக்கு இருந்தது. ஆற்றங்கரையில் பெட்டியைத் திறக்கும் எவரும் அதற்காக அவருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் பெட்டியில் இல்லாத ஒன்றையும் மீன் விரும்பக்கூடும். அதைக் கற்றுக்கொள்ள, பெட்டியை மூடிவிட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஹால்போர்டும் மாரியட்டும் முதலில் செய்தது அதைத்தான்.