வைனு பாப்பு: காவலூருக்குக் கண் தந்தவர்

மின்னி பேயில் வீட்டு முற்றத்தில் சிறு தொலைநோக்கியை வைத்து வியாழனைப் பார்க்க முயன்றவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும். கண்ணில் பட்ட கிரகம் சிறிது நேரத்தில் நழுவிவிடும். நழுவுவது கிரகமல்ல, நம்மைச் சுமக்கும் பூமி மணிக்கு 15 டிகிரி வீதம் சுழல்கிறது. கண்ணாடி எத்தனை உயர்ந்ததாயினும், அதைத் தாங்கும் ஸ்டாண்டு சரியாக அமையாவிட்டால் பயனில்லை. கண்ணாடியும் ஸ்டாண்டும் நம் நாட்டிலேயே, நம் பட்டறையிலேயே உருவாக வேண்டுமென்று உழைத்த ஒருவரின் கதை இது.

வைனு பாப்பு 1927 ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளம். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானிலையத்தில் பணியாற்றியவர். ஆகவே பையன் வளர்ந்ததே தொலைநோக்கியின் நிழலில்தான். கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சென்ற சில மாதங்களிலேயே ஒரு புதிய வால்நட்சத்திரம் அவர் கண்ணில் சிக்கியது. அதற்கு அவர் பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டது. 1952-ல் டாக்டர் பட்டம். பிறகு கலிபோர்னியாவில் வில்சன் என்ற விஞ்ஞானியுடன் வேலை. நட்சத்திர ஒளியில் தெரியும் கால்சியம் கோட்டின் அகலத்தைக் கொண்டு அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தை அறியலாம் என்று இருவரும் கண்டார்கள். 1957-ல் வெளியான இந்த முடிவை வானநூலார் 'வில்சன்-பாப்பு விளைவு' என்பர்.

அங்கேயே இருந்திருந்தால், அன்று உலகிலேயே பெரிதான 200 அங்குலத் தொலைநோக்கியின் அருகில் காலம் கழித்திருக்கலாம். அவரோ 1953-ல் தாயகம் திரும்பினார். இங்கே அதற்கு ஈடாகச் சொல்ல ஒன்றுமில்லை. உத்தரப் பிரதேச அரசின் வானிலையத்தை உருவாக்கிவிட்டு, 1960-ல் கோடைக்கானல் வானிலையத்தின் டைரக்டர் ஆனார். கோடைக்கானல் சூரியனை ஆராயப் பேர்பெற்ற இடம். இரவு வானத்துக்கு வேறிடம் தேட வேண்டியிருந்தது. கடைசியில் ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு அருகே காவலூர் என்ற சிற்றூர் அகப்பட்டது.

1968-ல் அங்கே முதல் வேலை தொடங்கியது, 38 செ.மீ. கண்ணாடியுள்ள ஒரு தொலைநோக்கியுடன். வானிலையத்தின் சொந்தப் பட்டறையில் செய்தது அது. 1972-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் கருவி வந்து சேர்ந்தது; 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்கள் வெளிப்பட்டபோது காவலூரும் அதற்குச் சாட்சி. புகழ் பெரிய கருவிக்குப் போனாலும், என் கணக்கில் அந்தச் சின்ன 38 செ.மீ. கருவிதான் மூத்த பிள்ளை.

ஸ்டாண்டு விஷயத்தில் காவலூருக்கும் மின்னி பேக்கும் ஓர் உறவு உண்டு. தொலைநோக்கி திரும்பும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது, அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி வடக்கே உயர வேண்டும். லண்டனில் இது ஐம்பத்தொன்றரை டிகிரி. காவலூரில் ஏறக்குறைய பன்னிரண்டரை. போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், பதினொன்றே முக்கால் கூட இல்லை. ஆகவே சீமைப் புத்தகத்துப் படத்தை அப்படியே காப்பியடித்தால் நமக்கு உதவாது. இங்கே அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு பலகைகளைத் தெற்கு முனையில் கீல் போட்டு இணையுங்கள். மேல்பலகையின் வடக்கு முனையை 20 செ.மீ. உயர்த்தி முட்டுக் கொடுத்தால் மின்னி பேக்குச் சரி. காவலூரானால் 22 செ.மீ. லண்டன்காரர் 78 செ.மீ. உயர்த்த வேண்டும்! பலகையின் மேல் துளையிட்ட இரு மரக்கட்டைகள், அவற்றினூடே தாராளமாகச் சுழலும் இரும்புக் குழாய், அதன் வடக்கு நுனியில் ஒரு டீ ஜாயிண்ட், அதில் குறுக்குக் குழாய். குறுக்குக் குழாயின் ஒரு பக்கம் தொலைநோக்கி, மறுபக்கம் ஈடுகட்ட மணல் நிரப்பிய டப்பா. குறுக்குக் குழாயும் தன் இடத்தில் திரும்ப வேண்டும். கிரகத்தைப் பிடித்தபின் நீண்ட குழாயை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும்.

வடக்கை அறியத் துருவ நட்சத்திரம் மரத்துக்குப் பின்னால் மறைந்தால், தூக்குக் குண்டின் நிழலைப் பாருங்கள். நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அது வடக்கு-தெற்காக விழும். தீவில் அந்த உச்சிப்பொழுது கடிகாரப் பன்னிரண்டுக்கு ஏறக்குறைய 40 நிமிஷம் முன்பே வந்துவிடும். ஏப்ரல், ஆகஸ்டு மாதங்களின் மூன்றாம் வாரத்தை ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நிழலே இராது. அப்போது இந்த வேலை வேண்டாம்.

பாப்புவின் பெரிய கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. வரைபடம் முதல் கண்ணாடி தேய்ப்பது வரை உள்நாட்டிலேயே நடக்கட்டும் என்றார். பெங்களூர்ப் பட்டறையில் கண்ணாடி உருவாகலாயிற்று. 1979-ல் சர்வதேச வானவியல் சங்கத்தின் தலைவரானார். இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. 1982 ஆகஸ்டு 19-ல், இருதய அறுவை சிகிச்சைக்குப் பின், மியூனிக் நகரில் காலமானார். வயது 55. பெரிய தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை.

1986 ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வைனு பாப்பு தொலைநோக்கி என்று பெயர் சூட்டினார். அதன் ஸ்டாண்டு குதிரை லாட வடிவிலானது. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஊர்களுக்கு ஏற்றது. அச்சின் வடக்கு முனையில் அந்த லாடம், பன்னிரண்டரை டிகிரி மட்டும் நிமிர்ந்து, துருவத்தைப் பார்த்தபடி இருக்கிறது.