கற்பிக்கும் எந்திரம்

பி. எஃப். ஸ்கின்னர் 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். இளமையில் எழுத்தாளராக விரும்பினார், அது கைகூடவில்லை. எனவே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றார். எலி நெம்புகோலை அழுத்தியதும் உணவு விழும் பெட்டியொன்றை அமைத்து ஆராய்ந்தார். செயலுக்குரிய நற்பயன் உடனே கிடைப்பின் உயிர்கள் அச்செயலை மீண்டும் செய்யும் என்று கண்டார்.

1953ஆம் ஆண்டில் ஒருநாள், தம் இளைய மகளின் கணக்கு வகுப்பிற்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்தார். சிலர் விரைந்து முடித்துவிட்டு வாளா இருந்தனர், சிலர் திணறினர். தம் விடை சரியா தவறா என்பதை அங்கிருந்த எவரும் உடனே அறிய வழியில்லை. எலிக்குக் கிடைத்த வாய்ப்புக்கூட மாணவர்க்கு இல்லை! இக்குறையைப் போக்க அவர் ஓர் எந்திரம் செய்ய முனைந்தார்.

அவர் பின்னர்ச் செம்மைப்படுத்திய எந்திரத்தில், சிறு சாளரம் வழியே ஒரு வினா மட்டும் தோன்றும். மாணவர் விடையை எழுதி நெம்புகோலை நகர்த்தினால் சரியான விடை வெளிப்படும். எழுதியதை அதன்பின் மாற்ற இயலாது. வினாக்கள் சின்னஞ்சிறு படிகளாக அமைந்தமையால் பிழை நேர்வது அரிது. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேறலாம்.

இவருக்கு முன்னரே, 1920களில், சிட்னி பிரெஸ்ஸி என்னும் பேராசிரியர் ஓர் எந்திரம் செய்திருந்தார். அதில் நான்கு விடைகளுள் ஒன்றைப் பொத்தானை அழுத்தித் தெரிவு செய்ய வேண்டும். முன்பே கற்றதைச் சோதிப்பதே பிரெஸ்ஸியின் முதல் நோக்கம். ஸ்கின்னர் அம்முறையை ஏற்கவில்லை. பொருந்துவன போலத் தோன்றும் தவறான விடைகளைப் புதிதாகக் கற்பவர்முன் வைத்தல் தீங்கு என்பது அவர் கருத்து. கற்பித்தல் பற்றிய எண்ணம் வேறுபட்டது. எந்திரத்தின் உறுப்பும் வேறுபட்டது.

எலிக்குரிய விதி மாந்தர்க்கும் பொருந்துமா எனப் பலர் வினவினர். அது நியாயமான வினாவே. கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட் முற்றிலும் வேறு வழியில் சென்றார். குழந்தை தானே ஆக்கிக் கற்க வேண்டும் என்று நம்பிய அவர், 1967இல் தம் குழுவினருடன் லோகோ என்னும் கணினிமொழியை உருவாக்கினார். அதில் எந்திரம் வினவுவதில்லை. குழந்தையே ஆமை வடிவுக்குக் கட்டளையிட்டுச் சதுரம் வரையும். கோடு கோணினால் கட்டளையைத் தேடித் திருத்தும். ஸ்கின்னர் விலக்க முயன்ற பிழை இங்கே பாடமாயிற்று.

ஸ்கின்னரின் எந்திரங்கள் சந்தையில் நிலைக்கவில்லை. 1990இல் அவர் மறைந்தார். ஆயினும், நீங்கள் பயிலும் செயலியில் விடை எழுதியவுடன் பச்சைக்குறி தோன்றி அடுத்த வினா வருமாயின், அங்கே அவருடைய வகுப்பறைக் கவலை இன்றும் இயங்குகிறது. நான்கு விடைகள் காட்டப்படின், அது பிரெஸ்ஸியின் வழி.