டி. ஆர். சுந்தரமும் அவர்தம் தொழிற்சாலையும்

திரைப்படம் என்றவுடன் நடிகர் முகமும் பாட்டுமே நம் நினைவிற்கு வருவன. ஒரு படம் முற்றுப்பெறுவதற்கு எத்தனை தச்சரும் தையற்காரரும் விளக்குப் பிடிப்போரும் ஒருங்கே உழைத்தல் வேண்டும் என்பதை எண்ணுவார் சிலரே. அவ்வுழைப்பை ஒரே மதிலுக்குள் கொணர்ந்து, காலத்தோடும் கணக்கோடும் நடத்திக் காட்டியவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் ஆவர். அவரைக் கலைஞராகப் போற்றுவார் பலர் உளர். ஆட்களை வைத்து வேலை வாங்கிய தலைவராக அவரை நோக்குவதே ஈண்டு நம் கருத்து.

சுந்தரம் 1907ஆம் ஆண்டு, நூல் வாணிகத்தில் செல்வம் ஈட்டிய ஒரு திருச்செங்கோட்டுக் குடும்பத்திற் பிறந்தார். தறியோசை கேளாத தெரு அரிதாயிருந்த சேலத்துச் சீமையில், அக்குடும்பத்துப் பிள்ளை நெசவுத்தொழிலை நாடியது இயல்பே. இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவு நுட்பம் பயின்றார்; ஆங்கில மாது ஒருவரை மணந்து மீண்டார். லீட்ஸ் நகரம் ஆலைகளின் நகரம். குறித்த வேளையில் வேலை தொடங்குதல், ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பணி, பஞ்சு ஒரு வாயிலிற் புகுந்து துணியாய் மறு வாயிலில் வெளிப்படல் என்னும் ஒழுங்கை அவர் அங்கே கண்டிருத்தல் வேண்டும். ஊர் திரும்பியவர் ஆலை அமைக்கவில்லை; படம் எடுக்கப் புகுந்தார். ஆயினும் கற்ற கல்வி வீண்போகவில்லை என்பதே நம் துணிபு.

அக்காலத்துத் தமிழ்ப் படங்கள் பல கல்கத்தாவிலும் பம்பாயிலும் எடுக்கப்பட்டன. நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர் ஆகிய எல்லாரையும் புகைவண்டியில் ஏற்றிச்சென்று, அங்கே உண்டியும் உறையுளும் அளித்து, பிறர் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து வேலை முடித்தல் வேண்டும். சுந்தரமும் ஏஞ்சல் பிலிம்ஸ் கூட்டில் இருந்தபோது இவ்வல்லலை நேரே கண்டவர். ஆதலின், 1935இல் ஏர்க்காட்டு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் லேபரட்டரி, கதை இலாகா ஆகிய யாவும் ஓரிடத்தே அமைந்தன. முதற்படமாகிய சதி அகலிகை 1937இல் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய பாலன் சேலத்திலிருந்து புறப்பட்டது. மலையாள நாட்டின் முதற் பேச்சுப்படம் நம் சேலத்தில் உருவாயிற்று என்பதை இன்றைய மாணாக்கருட் பலர் அறியார்.

இனி அவர்தம் மேற்பார்வை முறைக்கு வருவோம். நடிகர், எழுத்தாளர், தொழில் நுட்பக்காரர் முதலியோர் பலரை அவர் மாதச் சம்பளத்தில் அமர்த்தினார். மு. கருணாநிதியும் கண்ணதாசனும் அவரிடம் சம்பளம் பெற்று எழுதியவர்களே. வேலைக்காரர் முதல் கதாநாயகர் வரை எல்லாரும் அவரை முதலாளி என்றே அழைத்தனர். அமெரிக்காவின் ஹாலிவுட் நிலையங்களும் அந்நாளில் நடிகரை ஒப்பந்தத்தாற் பிணித்து இவ்வாறே நடந்தன. ஒப்பந்தக் காலம் ஏழாண்டைக் கடத்தலாகாது என்று 1944இல் ஒலிவியா டி ஹாவிலண்ட் என்னும் நடிகையார் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெறும் வரை அப்பிடி தளரவில்லை.

இம்முறையின் பயன் யாதெனின், காலக்கேடு இன்மை. ஒரு தளத்தில் செட்டு எழுப்பி, விளக்கேற்றி, துணை நடிகர் நூறு பேரை வேடமிட்டு நிறுத்தியபின், கதாநாயகர் நண்பகலில் வருவாராயின் இழப்பு யார் தலையில் விழும்? சம்பளக்காரர்க்கு அன்றைய கூலி உண்டு. அவ்விழப்பை முதலாளி தாங்குவார். அன்றாடக் கூலிக்கு வந்தவரோ, படப்பிடிப்பு நின்றுபோமாயின் வெறுங்கையோடு வீடு திரும்புவர். ஆகவே ஒருவர் சோம்பல் பலர் அடுப்பை அவிக்கும். சுந்தரம் இதனைச் சிறிதும் பொறாதவர் என்பர்.

அவர் பொறாமைக்குச் சான்றாகத் திரையுலகில் இரு செய்திகள் வழங்குகின்றன. சுலோசனா படத்தில் இந்திரஜித்தாக நடிக்க வேண்டியவர் பெரும்புகழ் வாய்ந்த பி. யு. சின்னப்பா; அவர் வேளைக்கு வாராமையால் அவரை நீக்கி, முதலாளியே இந்திரஜித்து வேடம் பூண்டார் என்பது ஒன்று. சின்னப்பாவோ, 1940இல் இதே நிலையத்தின் உத்தம புத்திரனில் இரட்டை வேடமிட்டு நாடெங்கும் பேர்பெற்றவர். அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் வரத் தாழ்ந்தபோது, டூப் ஒருவரை வைத்து எஞ்சிய காட்சிகளை முடித்துவிட்டார் என்பது மற்றொன்று. முதற்கதையில் சுந்தரமே இந்திரஜித்தாகத் தோன்றியது படத்தைக் கண்டார் அறிந்ததே. இரண்டாவது, சொல்வார்தோறும் சிறிது வளர்ந்து வருகிறது. அதனை அவ்வளவிற் கொள்க. அலிபாபா 1956இல் வெளிவந்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். வண்ணச்சுருள் விலை மிகுந்ததாதலின் அங்கே காலம் பொன்னாகவே இருந்தது.

பெரியாரை அடக்கத் துணிந்தவர் என்று இவற்றைப் புகழ்வது எளிது. ஆயின் நாம் சிறிது தயங்குகிறோம். சின்னப்பாவிற்கு வேறு நிலையங்கள் வாயில் திறந்து காத்திருந்தன. அதே கட்டளை ஒரு தையற்காரர் மீதோ துணை நடிகை மீதோ பாயுமாயின், அவர் எங்கே செல்வார்? சேலத்தில் அத்தகைய நிலையங்கள் பல இருந்தனவா? முதலாளி ஒருவரே, ஊர் ஒன்றே என்னும் நிலையில், கட்டுப்பாடு என்பது ஒருவன் நற்குணத்தை நம்பி நிற்பதாகும். தொழிற்சங்கச் சட்டம் 1926இலும், தொழில் தகராறுச் சட்டம் 1947இலும், தொழிற்சாலைச் சட்டம் 1948இலும் வந்தன. திரைத்தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் 1981இலேதான் பிறந்தது. வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்று விதித்தது அதுவே. சுந்தரம் காலமாகிப் பதினெட்டாண்டு கழிந்தபின் வந்த சட்டம் அது. அதற்குமுன் முதலாளி சொல்லே சட்டமாய் நின்ற இடங்கள் மிகப்பல.

மறுபுறத்தையும் கூறாதொழிதல் நேர்மையன்று. மாதச் சம்பளம் என்பது கலைஞர்க்கு அந்நாளிற் கிடைத்தற்கரிய பேறு. நாடகக் கம்பெனிகளிற் பசியோடு உழன்றோர் மாதந்தோறும் கூலி பெற்றது சிறுசெய்தியன்று. மேலும், மேற்பார்ப்பவர் தாமே அத்தொழிலறிந்தவர்; கதை கேட்டார், இயக்கினார், வேடமிட்டார். 1950இல் திகம்பர சாமியாரில் எம். என். நம்பியாரைப் பதினோரு வேடங்களில் தோன்றச் செய்தவரும் அவரே. அவ்வாண்டிலேயே எல்லிஸ் ஆர். டங்கன் மந்திரி குமாரியைத் தொடங்கி அமெரிக்கா செல்ல, எஞ்சியதைச் சுந்தரம் இயக்கி முடித்தார். தறியறியாத கங்காணி சொல்வதை நெசவாளர் மனத்தாற் கேளார். இவர் சொல்லைக் கேட்டனர். அவர்கீழ்ப் பணிசெய்தோர் பின்னாளிற் கூறுவனவற்றில் அச்சமும் மதிப்பும் ஒருசேர விளங்குகின்றன. இரண்டில் எது மிகுதி என்று அளக்க நம்மால் இயலவில்லை.

1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமாகிய கண்டம்பெச்ச கோட்டை அவர் எடுத்தார். 1963இல் காலமானார். தமிழும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பிறவுமாக நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அந்நிலையம் ஈன்றது. அவர்தம் மைந்தர் இராமசுந்தரம் பொறுப்பேற்றுப் பல படங்கள் எடுத்தார். ஆனால் அக்காலத்துள் தொழில் முழுவதும் சென்னைக்குப் பெயர்ந்தது. நடிகர் ஒரு நிலையத்தின் சம்பளக்காரராயிராது, கால்ஷீட்டுக் கொடுக்கும் தனிமுதலாளிகளாயினர். வேளையைக் குறிப்பவர் மாறவே, காத்திருத்தல் மற்றவர் பங்காயிற்று. நிலையத்தின் தளங்கள் மறைந்து வீடுகள் எழுந்தன. ஏர்க்காட்டுப் பெருவழியில் அதன் தோரண வாயில் மட்டும் நிற்கிறது.