பொருள்நூற் பேரறிஞர் ஜான் மத்தாய்

கற்றறிந்தோர் அரசியலிற் புகுதல் நன்றோ என்னும் வினா பண்டுதொட்டு எழுவதாகும். நூலறிவு வேறு, ஆட்சித்திறம் வேறு என்பார் ஒரு சாரார். நூலறிவு இல்லா ஆட்சி விளக்கின்றி இருளில் நடப்பதை ஒக்கும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் எண்ணிப் பார்த்தற்குரியது டாக்டர் ஜான் மத்தாய் அவர்களின் வாழ்க்கை. பொருள்நூல் கற்பிக்கும் ஆசிரியராய் இருந்து, விடுதலை பெற்ற இந்தியாவின் நிதியமைச்சராய் உயர்ந்தவர் அவர். தம் அறிவு ஒப்பாத ஒன்றிற்கு உடன்பட்டு அப்பதவியில் நீடித்தலினும் அதனைத் துறத்தலே தக்கதெனத் துணிந்தவரும் அவரே.

அப்பெரியார் 1886ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள் மலையாள நாட்டுக் கோழிக்கோட்டில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். உயர்கல்வியின் பொருட்டுச் சென்னையடைந்து கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றார். அக்கல்லூரி இந்நாளில் தாம்பரத்துச் சோலையினிடையே விளங்குகின்றது. அந்நாளிலோ அது நகரின் நடுவே, உயர்நீதிமன்றத்திற்கு எதிரே அமைந்திருந்தது. பின்னர் அவர் சட்டமும் கற்று, 1910 முதல் 1914 வரை அவ்வுயர்நீதிமன்றத்திலேயே வக்கீலாகத் தொழில் புரிந்தார். எனினும் அவர் உள்ளம் வழக்கு மன்றத்தில் தங்கவில்லை. கடல் கடந்து சென்று, லண்டன் பொருளியற் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியிலும் ஆராய்ச்சி மேற்கொண்டார்.

பிரிட்டிஷ் இந்தியாவின் சிற்றூர் ஆட்சியே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள். அந்நூல் 1915இல் சிட்னி வெப் என்னும் ஆங்கில அறிஞரின் முன்னுரையோடு வெளிவந்தது. பள்ளி, காவல், நீதி, பொதுமராமத்து ஆகியவற்றைச் சிற்றூரார் தாமே எங்ஙனம் நடத்தி வந்தனர் என்பதை அது ஆராய்கின்றது. செஞ்சியை அடுத்த வல்லம் முதலிய ஊர்களைச் சார்ந்தோர்க்கு இப்பொருளின் அருமை எளிதிற் புலனாகும். செஞ்சிக் கோட்டை நாயக்கரிடமிருந்து பீஜப்பூராரிடமும், அவரிடமிருந்து மராட்டியரிடமும், பின்னர் மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரிடமும் கைமாறியது. கொடிகள் மாறினும், ஏரிக்கரையைக் காத்து மடைதிறந்து நீர் பாய்ச்சும் கடமை ஊராரை விட்டு நீங்கவில்லை. ஊர்ப்பொதுவைக் கையாள்வோன் ஊராருக்கு விடை கூறக் கடமைப்பட்டவன் என்பதே இத்தகைய ஆட்சியின் உயிர்நிலை. இவ்வுண்மை மத்தாயின் பிற்கால வாழ்விலும் தொடர்ந்து வருவதைக் காண்போம்.

தாயகம் திரும்பியபின் அவர் சென்னை மாகாணக் கூட்டுறவு இலாகாவிற் சிறிது காலம் பணியாற்றினார். 1920இல் மாநிலக் கல்லூரியிற் பொருள்நூற் பேராசிரியரானார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார். 1925இல் டாரிப் போர்டு எனப்படும் சுங்கவரிக் குழுவில் அமர்த்தப்பெற்றார். அயல்நாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவியுமாயின் உள்நாட்டுத் தொழில் நசியும். அதனைத் தடுக்க வரியை உயர்த்தினாலோ, அப்பொருளை வாங்கும் ஏழை மிகுவிலை கொடுக்க நேரும். ஆகவே எத்தொழிலுக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டு காப்பளிப்பது என ஆராய்ந்து உரைப்பதே அக்குழுவின் வேலை. வகுப்பறையில் அவர் விளக்கிய கொள்கை, இங்கே ஆலைத் தொழிலாளியின் கூலியாகவும் குடியானவன் வாங்கும் துணியின் விலையாகவும் உருக்கொண்டது. 1931 முதல் 1934 வரை அக்குழுவின் தலைமையும் அவரிடமே இருந்தது. அதன்பின் வாணிகச் செய்தி, புள்ளிவிவர இலாகாவின் தலைவராயிருந்து, 1940இல் டாட்டா நிறுவனத்திற் சேர்ந்தார்.

1944இல் தொழிலதிபரும் அறிஞருமாகிய எண்மர் பம்பாய்த் திட்டம் என வழங்கும் ஒரு திட்டத்தை வெளியிட்டனர். ஜே. ஆர். டி. டாட்டா, பிர்லா முதலியோருடன் மத்தாயும் அதிற் கையொப்பமிட்டார். அதனை எழுத்துருவாக்கியதிற் பெரும்பங்கு அவருடையதே. பதினைந்து ஆண்டில் 10,000 கோடி ரூபாய் செலவிட்டு, தலைக்கு வரும் வருமானத்தை இருமடங்காக்குதல் அதன் நோக்கம். முதலாளிகளே அரசாங்கத்தின் திட்டமிட்ட தலையீட்டை வேண்டியது அந்நாளில் பலருக்கும் வியப்பளித்தது. திட்டமிடுதலை நாட்டினருக்கு அறிமுகப்படுத்தினோருள் மத்தாயும் ஒருவர் என்பதை ஈண்டு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1946ஆம் ஆண்டு செப்டம்பரில் நேருவின் தலைமையில் இடைக்கால அரசாங்கம் அமைந்தபோது, காங்கிரஸ் கட்சியைச் சாராதவராகிய மத்தாய் நிதிப் பொறுப்பை ஏற்றார். அடுத்த திங்களில் முஸ்லிம் லீக் அரசாங்கத்திற் சேர்ந்தமையால் அப்பொறுப்பு லியாகத் அலிகானைச் சேர்ந்தது. மத்தாய் தொழிற்றுறைக்கு மாறினார். 1947 ஆகஸ்டு 15இல் ரயில்வே, போக்குவரத்து அமைச்சரானார். அக்காலத்தில் அதனினும் துன்பமான பொறுப்பு அரிது. நாடு இரண்டாகப் பிரிந்தபோது ரயில் எஞ்சின்களும் வண்டிகளும் ஊழியரும் பங்கிடப்பட்டனர். வீடிழந்த அகதிகள் எல்லையின் இருமருங்கும் ரயில்களில் நிரம்பி வழிந்தனர். அந்நெருக்கடியினிடையே, விடுதலை இந்தியாவின் முதல் ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தை 1947 நவம்பரில் அவர் சமர்ப்பித்தார்.

முதல் நிதியமைச்சராயிருந்த கோயமுத்தூர் ஆர். கே. சண்முகஞ் செட்டியார் பதவி விலகிய பின், 1948 செப்டம்பரில் மத்தாய் நிதியமைச்சரானார். செட்டியாரும் கிறிஸ்தவக் கல்லூரி மாணவரே. விலைவாசி ஏறியிருந்தது, உணவு தானியத்திற்கு அயல்நாட்டை எதிர்பார்க்க வேண்டியிருந்தது, அகதிகளுக்கு வாழ்வளிக்கும் செலவும் பெரிது. 1949 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுன் நாணயத்தின் மதிப்பைக் குறைக்கவே, இந்தியாவும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதற்குமுன் நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 30 டாலர் கிடைத்தது; பின்னர் 21 டாலரே கிடைத்தது. 1950 பிப்ரவரி இறுதியில் குடியரசின் முதல் வரவுசெலவுத் திட்டத்தையும் அவரே சமர்ப்பித்தார்.

அடுத்த திங்களில் பிரதமரைத் தலைவராகக் கொண்டு திட்டக் குழு நிறுவப்பெற்றது. மத்தாய் அதனை உடன்பட்டிலர். அரசியலமைப்புச் சட்டத்தில் இடம்பெறாத அக்குழு மற்றோர் அமைச்சரவைபோல் வளர்ந்துவிடும் என்று அஞ்சினார். கையிலுள்ள திட்டங்களுக்கே பணம் போதாத காலம் அது என்றும் கருதினார். செலவுக்கு விடை கூறுவோன் ஒருவனாகவும், செலவைத் தீர்மானிப்போர் வேறொருவராகவும் இருப்பின் நிதிக்கட்டுப்பாடு தளரும் என்பது அவர் கொண்ட முடிபு. பாகிஸ்தானுடன் அவ்வாண்டு ஏப்ரலிற் செய்துகொண்ட உடன்படிக்கையிலும் அவர்க்கு மாறுபட்ட கருத்து இருந்தது. ஆதலின் பதவியை விட்டு விலகினார். விலகியதன் காரணங்களையும் மறைக்காது வெளியிட்டார். 1950 ஜூன் முதல் சி. டி. தேஷ்முக் அப்பொறுப்பை ஏற்றார்.

திட்டமிடுதலைப் போற்றியவரே திட்டக் குழுவை எதிர்த்தது முரண் எனச் சிலர் கருதலாம். ஆழ்ந்து நோக்கின் முரண் இன்று. திட்டம் வேண்டும் என்பது வேறு. அதனை வகுப்போர் மக்கள் மன்றத்திற்கு நேரே விடை கூறாதிருக்கலாம் என்பது வேறு. நேருவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வறுமை மிக்க பெருநாட்டின் தேவைகள் அனைத்தையும் ஒருங்கே நோக்குதற்கு ஓர் அமைப்பு வேண்டுமென அவர் எண்ணினார். அக்குழு ஐந்தாண்டுத் திட்டங்கள் பலவற்றை வகுத்து அறுபது ஆண்டிற்கு மேல் நிலைபெற்றது. 2015இல் அதனிடத்தில் நீதி ஆயோக் அமைந்தது. இருவருள் யார் கூறியது சரி என்பதைப் பொருள்நூல் வல்லார் இன்னும் ஆராய்கின்றனர். ஆயினும் தாம் ஆராய்ந்து கண்ட முடிபிற்கும் தாம் வகிக்கும் பதவிக்கும் பகை நேர்ந்தவிடத்து மத்தாய் எதனைக் கைவிட்டார் என்பதில் ஐயமில்லை.

பதவி துறந்தார் எனினும் பணி துறந்தாரல்லர். 1953இல் அமைந்த வரிவிதிப்பு விசாரணைக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1955இல் இந்திய ஸ்டேட் பாங்கு தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், பின் 1957 முதல் கேரளப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். 1959இல் பத்ம விபூஷண் விருது பெற்று, அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் மறைந்தார். கல்விக்கூடத்தில் தொடங்கிய அவர் பொதுவாழ்வு கல்விக்கூடத்திலேயே நிறைவுற்றது. அவர் மைந்தர் ரவி மத்தாயும் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராயிருந்து கல்விப்பணி புரிந்தார்.

இன்று கல்லூரிகளிற் பயிலும் நம்மில் ஆசிரியராவாரும் அதிகாரியாவாரும் அரசியலிற் புகுவாரும் உளராவர். அங்ஙனம் புகுவார் மத்தாயின் பதவிகளை எண்ணி வியத்தலினும், அவற்றை அவர் எங்ஙனம் வகித்தார், எப்போது விட்டார் என்பதை அறிந்து ஒழுகுதல் நலம். கற்ற கல்வி பதவியை அடைதற்கு ஏணியாக அமைவதோடு, அதனைவிட்டு இறங்க வேண்டிய காலத்தை உணர்த்தும் அறிவாகவும் அமைதல் வேண்டும்.