பூதத்தை நடக்க வைத்த எய்ஜி சுபுராயா

மாணவர்களே, கந்தசஷ்டி முடிவில் எமது தீவக முருகன் ஆலயங்களில் நடைபெறும் சூரன்போரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரத்தாலான சூரனுக்கு யானைமுகம், சிங்கமுகம் எனத் தலைகள் மாறும். எனினும் அதற்கு உயிர் கொடுப்பவர்கள், கீழே நின்று தோளிற் சுமந்து ஆட்டுபவர்களே. திரைப்படத்தில் இத்தகைய வேலையைச் செய்து புகழ்பெற்றவர் யப்பானியரான எய்ஜி சுபுராயா.

இவர் 1901 ஆம் ஆண்டு புகுஷிமா மாகாணத்துச் சுகாகாவாவிற் பிறந்தார். மூன்று வயதிலே தாயை இழந்து, பாட்டியாரிடம் வளர்ந்தார். விமானியாக விரும்பிப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். ஆசிரியர் விபத்தில் இறக்கவே அப்பள்ளி மூடப்பட்டது. 1919 இல் திரைப்படத்துறைக்கு வந்து ஒளிப்பதிவைக் கற்றார். 1933 இல் வெளியான ‘கிங் கொங்’ படம் இவரை ஆட்கொண்டது. அதில் சிறு பொம்மையைச் சற்றுச் சற்றாக அசைத்து, ஒவ்வொரு சட்டமாகப் படம்பிடித்திருந்தனர். சுபுராயா படச்சுருளைப் பெற்று அந்நுட்பத்தை ஆராய்ந்தார்.

1942 இல் பேர்ள் துறைமுகத் தாக்குதலை மாதிரியுருக்களால் அமைத்துப் போர்ப்படமொன்றுக்கு உதவினார். அத்தாக்குதலில் ஈடுபட்ட விமானந்தாங்கிக் கப்பல்களிற் பெரும்பாலானவையே 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியவை என்பதை வரலாற்றுப் பாடத்துடன் இணைத்துப் பாருங்கள். போரின் பின்னர், இத்தகைய படங்களுக்காக இவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார்.

1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டைப் பரிசோதித்தது. அருகே மீன்பிடித்த யப்பானியப் படகொன்றின் 23 பேர் கதிர்வீச்சுச் சாம்பலில் நனைந்தனர். ஒருவர் அவ்வாண்டே இறந்தார். கடற்றொழிலை நம்பிவாழும் எமக்கு அந்த அச்சம் எளிதில் விளங்கும். அவ்வச்சத்திலிருந்தே ‘கொட்சில்லா’ பிறந்தது. படத்தின் தொடக்கத்திலும் ஒரு கப்பலே எரிகிறது.

சுபுராயா கிங் கொங் முறையையே விரும்பினார். காலமும் பணமும் போதவில்லை. ஆகவே மனிதனுக்கு உடை அணிவிக்கத் தீர்மானித்தார். மூங்கிலும் கம்பியும் சேர்ந்த சட்டகத்தின் மேல் துணி சுற்றி, இறப்பர்ப்பால் பூசினர். தோல் தீக்காய வடுப்போல் கரடுமுரடாக அமைந்தது. முதல் உடை ஏறத்தாழ 100 கிலோகிராம் பாரம். அதனுள் நடப்பதே பெரும்பாடு. அதை வெட்டிப் பகுதிக் காட்சிகளுக்குப் பயன்படுத்தி, இன்னொன்றைச் செய்தனர். உடையினுள் இருந்த ஹருவோ நாகஜிமா வெப்பத்தால் மயங்கியதுமுண்டு.

இனி முக்கிய நுட்பத்தைக் கவனியுங்கள். பெரிய பொருள் உயரத்திலிருந்து விழ அதிக நேரம் எடுக்கும்; சிறிய மாதிரியோ உடனே விழும். எனவே கமராவை வழமையிலும் வேகமாக ஓடவிட்டு, திரையில் வழமையான வேகத்திற் காட்டினர். அசைவு மெதுவாகியது, சாந்தினாற் செய்த கட்டடங்கள் உண்மைக் கட்டடங்களின் பாரத்துடன் சரிந்தன. தமிழிலும் 1952 இல் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் இணைந்து தயாரித்த ‘காடு’ படத்தில், யானைகளுக்கு மயிர்ப்போர்வை போர்த்தி ஆதிகால மாமத யானைகளாக்கினர். துணிச்சலான முயற்சிதான், ஆனால் சுபுராயாவின் பூதத்தைப்போல் அது அச்சுறுத்தவில்லை.

‘கொட்சில்லா’ 1954 நவம்பர் 3 இல் வெளியானது. அதன் நெறியாளர் இஷிரோ ஹொண்டா. சுபுராயா விசேட காட்சிகளுக்கே பொறுப்பானவர். விடைத்தாளில் இதை மாற்றி எழுதிவிடாதீர்கள். 1963 இல் சொந்த நிறுவனம் தொடங்கி, 1966 இல் ‘அல்ட்ராமான்’ தொலைக்காட்சித் தொடரைத் தந்தார். சிறுவர் பார்ப்பவற்றில் இரத்தம் காட்டுவதை அவர் விரும்பவில்லை. 1970 ஜனவரி 25 இல் காலமானார். நாகஜிமா 1972 வரை அந்த உடையை அணிந்து நடித்தார்.