டிக்கன்ஸ் மறைத்த கதை

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது நகைச்சுவை. பிக்விக்கும் மிகாபரும் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர்கள். ஆனால் அந்தச் சிரிப்பை உலகுக்கு வழங்கியவர், தம் இளமையில் பட்ட துன்பம் ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் எவரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் அதை எழுதினார். எழுதியதால் அவர் பெற்ற ஆறுதல் எது, எழுதியும் ஆறாமல் நின்றது எது என்பதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. அன்பு மிக்கவர், ஆனால் வரவறிந்து செலவு செய்யத் தெரியாதவர். கடன் ஏறியது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. 1824 பிப்ரவரியில், பன்னிரண்டு வயது நிறைந்த இரண்டாம் நாள், சிறுவன் சார்லஸ் வேலைக்கு அனுப்பப்பட்டான். சில நாட்களுக்குள் ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய நாற்பது பவுன் சொச்சத்துக்காகத் தந்தை மார்ஷல்சீ என்னும் கடன்காரர் சிறையில் அடைக்கப்பட்டார். தாயும் சிறு குழந்தைகளும் பின்னர் அச்சிறையிலேயே குடியேறினர். சார்லஸ் வெளியே தனியே தங்கினான்.

வேலை, தேம்ஸ் நதிக்கரையில் ஹங்கர்போர்டு படித்துறையை அடுத்திருந்த பூட்ஸ் மைத் தொழிற்சாலையில். எலிகள் ஓடித் திரியும் பாழடைந்த கட்டடம். மை நிறைந்த குப்பியின் வாயை முதலில் எண்ணெய்த் தாளாலும், பிறகு நீலத் தாளாலும் மூட வேண்டும். நூலால் கட்ட வேண்டும். விளிம்பைக் கத்தரிக்க வேண்டும். சீட்டு ஒட்ட வேண்டும். காலை முதல் இரவு வரை இதே வேலை. கூலி வாரத்துக்கு ஆறு அல்லது ஏழு ஷில்லிங்.

கைகள் செய்த வேலையைக் காட்டிலும் மனம் பட்ட பாடே பெரிது. படிப்பில் ஆர்வமும் கூரிய அறிவும் உள்ள பிள்ளை அவன். தன்னை இவ்வளவு எளிதில் கைவிட்டுவிட்டார்களே என்ற எண்ணம் அவனை அரித்தது. அங்கே பாப் ஃபேகின் என்ற பையன் அவனிடம் மிகுந்த அன்பு காட்டினான். ஒரு நாள் சார்லஸுக்கு விலாவில் கடும் வலி வந்தபோது, காலி மைக்குப்பிகளில் வெந்நீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தான். மாலையில் துணைக்கு வீடு வரை வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். சிறைக்குப் போக வேண்டியவன் என்ன செய்வான்? பாலத்தருகே யாருடைய வீட்டையோ தன் வீடு என்று காட்டி, படியேறி நின்று நண்பனுக்கு விடை கொடுத்தான். அவன் திரும்பிப் பார்ப்பானோ என்று அஞ்சி அந்தக் கதவைத் தட்டியும் விட்டான். வறுமையை விட வெட்கம் மனிதனை எவ்வளவு வருத்துகிறது, பாருங்கள்! பின்னாளில் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் வரும் திருடர் தலைவனுக்கு அவர் சூட்டியது இந்த நல்ல பையனின் பெயரைத்தான். அன்பு காட்டியவனின் பெயர் கூட அவருக்கு அந்த இடத்தின் நாற்றத்தோடு கலந்துவிட்டது போலும் என்று நான் நினைப்பதுண்டு.

தந்தை சில மாதங்களில் விடுதலை பெற்றார். அதன் பிறகும் மகன் தொழிற்சாலைக்குப் போய்க் கொண்டிருந்தான். பின்னர் தந்தைக்கும் அங்கிருந்த உறவினர் ஒருவருக்கும் சச்சரவு மூண்டதால் வேலை நின்றது. தாயோ, சமாதானம் பேசி மகனைத் திரும்ப அனுப்பவே முயன்றாள். தந்தை மறுத்துப் பள்ளிக்கு அனுப்பினார். அதன் பிறகு அவ்வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அங்கே எத்தனை மாதம் இருந்தோம் என்பதே டிக்கன்ஸுக்குப் பிற்காலத்தில் தெளிவாக நினைவில்லை. ஆனால் தக்கையில் பூசும் பசையின் மணம் எட்டினால் போதும், தெருவின் எதிர்ப்பக்கம் போய் விடுவார். பிள்ளைகளைப் பெற்று, புகழின் உச்சியில் இருந்தபோதும், அந்தப் பழைய வழியே நடந்தால் அவர் கண்கள் கலங்கின. மனம் மறக்க முயன்றாலும் உடல் மறப்பதில்லை.

1847-இல் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் தற்செயலாக ஒன்று கேட்டார். டில்க் என்னும் பெரியவர், சிறுவனாயிருந்த டிக்கன்ஸை ஒரு கிடங்கில் கண்டு அரைக் கிரவுன் கொடுத்ததாகச் சொன்னாரே, அது உண்மையா என்றார். டிக்கன்ஸ் சில நிமிடம் வாய் திறக்கவில்லை. ஃபார்ஸ்டரும் வற்புறுத்தவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு டிக்கன்ஸ் தாமாகவே உண்மையைச் சொன்னார். அந்நாட்களைப் பற்றி எழுதி, அத்தாள்களை ஃபார்ஸ்டரிடம் கொடுத்தார். 1849 மே மாதம் தொடங்கிய 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் அப்பகுதிகள் பெரிதும் மாறாமலே இடம்பெற்றன. மைத் தொழிற்சாலை மதுக் கிடங்காயிற்று. கடன்பட்ட தந்தை மிகாபர் ஆனார். தாம் எழுதிய நூல்களுள் அதையே தம் செல்லப் பிள்ளையாக அவர் கருதினார். பின்பு 'லிட்டில் டாரிட்' நாவலில் மார்ஷல்சீ சிறையையே கதைக் களமாக்கினார். அந்நாவலை முடிக்கும் தறுவாயில், 1857-இல், அச்சிறை இருந்த இடத்துக்குத் தாமே சென்று பார்த்து வந்தார்.

இதே 1847-இல் அவர் செய்த வேறொரு பணியைப் பலர் அறியார். ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்னும் செல்வச் சீமாட்டியுடன் சேர்ந்து, சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் மீண்ட பெண்களுக்காக லண்டனில் 'யுரேனியா காட்டேஜ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். அவர்களுக்கு எழுத்தும் தையலும் சமையலும் கற்பித்துக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவது நோக்கம். புதிதாக வந்தவள் சில நாள் பழகிய பின், அவள் கதையை அவள் வாயாலேயே கேட்டு ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். மேற்பார்வையாளருக்குக் கூட அது சொல்லப்படாது. மற்றப் பெண்களிடம் அவளும் அதைச் சொல்லலாகாது. சொல்வது எதுவாயினும் அவளை இல்லத்திலிருந்து நீக்கமாட்டார்கள். பொய் ஒன்றே அவளுக்குக் கேடு என்று முன்கூட்டியே விளக்கி விடுவார்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே தங்கினர். சுமார் 30 பேர் புதிய நாட்டில் நல்வாழ்வு பெற்றனர். எல்லாரும் தேறினார்கள் என்று சொல்ல முடியாது. ஓடிப் போனவர்களும் உண்டு. அந்தப் புத்தகம் இன்று கிடைக்கவில்லை. அப்பெண்களின் மானத்துக்கு அதுவும் நல்லதே.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் உண்மை விளங்குகிறது. துன்பத்தைச் சொல்வது மருந்து. ஆனால் யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதைத் துன்பப்பட்டவரே முடிவு செய்ய வேண்டும். ஃபார்ஸ்டர் நண்பருக்குக் காட்டிய பொறுமையையே அந்த இல்லத்தின் விதிகளும் அப்பெண்களுக்குக் காட்டின.

எழுத்து எல்லாவற்றையும் ஆற்றிவிடவில்லை. தம்மைத் திரும்ப அனுப்ப முயன்ற தாயை டிக்கன்ஸ் மனத்தளவில் முற்றும் மன்னிக்கவே இல்லை. 1865 ஜூன் 9-ஆம் நாள் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே ரயில் கவிழ்ந்து பத்துப் பேர் மாண்டபோது, உயிர் தப்பிய அவர் காயமுற்றோருக்கு உதவினார். அந்த நடுக்கம் பின்னர் ரயில் ஏறும்போதெல்லாம் அவரைப் பற்றியது. சரியாக ஐந்தாண்டு கழித்து அதே நாளில், 1870-இல், அவர் மறைந்தார். ஃபார்ஸ்டர் எழுதிய வரலாறு வெளிவந்த பிறகே மைத் தொழிற்சாலைக் கதை உலகுக்குத் தெரிந்தது.

நம் காலத்தில் இதை ஆராய்ச்சியாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர் மாணவியும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தாம் பட்ட துயரத்தைப் பற்றி எழுதினர். நடந்ததையும் அதனால் உண்டான உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிறகு நடந்த ஆய்வுகள் பல, பயன் உண்டு, ஆனால் அது பெரிதன்று, எல்லாருக்கும் ஒரே அளவினதும் அன்று எனக் காட்டுகின்றன.

வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நம்முள்ளும், ஊரில் ஏறிய கடனையோ நேர்ந்த அவமானத்தையோ மறைத்துக்கொண்டு, யார் வீட்டுக் கதவையோ தட்டி நிற்பவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மனம் வரும்போது எழுதட்டும். எழுத எழுத மனம் மேலும் கலங்கினால் நிறுத்தி, மருத்துவரை நாடட்டும். அருகில் இருக்கும் நாம் துருவித் துருவிக் கேட்காமல், கேட்க வேண்டிய நேரத்தில் காது கொடுப்போம். டிக்கன்ஸுக்கு ஒரு ஃபார்ஸ்டர் போதுமானவராக இருந்தார்.